மேக்குச் சுவத்துக்கு இன்னொரு பூச்சு

வாங்கம்மா, வாங்க. குடையை அங்கன விரிச்சே வையுங்க, சொட்டட்டும். இதுக்கு முன்னால வேற ஒரு நர்ஸம்மா ரெண்டு தடவை வந்தா. மாத்தல்ல போயிட்டாளாம்லா? இனிமே நீங்கதானா? எம்மா தாயே, இந்த மழையில யாரு வீடு தேடி வரப்போறான்னு நெனைச்சேன். ஒம்பது நாளாச்சு, விட்டபாடில்ல. அம்பாசமுத்திரத்துல ஐப்பசின்னா மழைதான், ஆனா இப்படி ஒரு மழையை நான் பாத்ததில்ல.

கதவு தானா சாத்திக்கிடும், பாத்து வாங்க. முன்னெல்லாம் இப்படிச் சாத்தாது, இப்ப பத்து நாளாத்தான். அந்த சிமெண்டுக் கட்டியைத் தள்ளி முட்டுக் குடுங்க. ஆமா, சட்டி மாதிரி உருண்டையா இருக்குல்லா, அதேதான். அதுக்கு ஒரு கதை இருக்கு, பொறவு சொல்லுதேன்.

உங்க சீட்டுல குற்றாலிங்கம்னு எழுதியிருக்கா? இவுகதான். வலது கையும் காலும் வராது. பேச்சு வராது. புத்தி தெளிவா இருக்குன்னு பெரிய டாக்டர் சொன்னாரு, நாம பேசுறது எல்லாம் வெளங்குமாம். இடது கை மட்டும் நல்லா வரும். பாத்தீயல்லா, நீட்டிக்கிட்டே இருக்காக. உங்களைப் பாத்து இல்லம்மா, அந்தச் சுவத்தைக் காட்டுதாக. காலையில கண்ணு முழிச்சதுலேர்ந்து இதே சோலிதான். யாரு வந்தாலும் சுவத்தைக் காட்டணும். சின்னப் பிள்ளை புதுச் சட்டையைக் காட்டுமே, அந்த மாதிரி. பெருமை!

பெருமைப்பட வேண்டிய சுவருதான். ஒம்பது நாளா வானம் பொத்துக்கிட்டு ஊத்துது. தொட்டுப் பாருங்க, ஒரு சொட்டு ஈரம் உண்டுமா? நானும் இவுகளும் செஞ்ச வேலை. கொத்தன் கிடையாது, சித்தாள் கிடையாது, நாங்க ரெண்டே பேரு.

பிரஷர் பாக்கீயளா? பாருங்க, பாருங்க. கூடத்தான் இருக்கும். மழை வலுத்தா இவுகளுக்குப் பிரஷர் ஏறுது, அது என்ன கணக்கோ தெரியல. போன நர்ஸம்மாவும் அதைத்தான் கேட்டா, 'மழைன்னா பயமா இவுகளுக்கு'ன்னு. பயமா! மில்லுல முப்பத்திரண்டு வருசம் பிட்டரா இருந்தவுகம்மா. ஓடுற மிஷினுக்குள்ள கையை விட்டவுக.

இந்தச் சுவரு என்னைப் படுத்தின பாடு இருக்கே, அதைச் சொன்னா நீங்க நம்ப மாட்டீய. நான் வாக்கப்பட்டு வந்து நாப்பத்தோரு வருசம். இவுக தாத்தா கட்டின வீடு. செங்கல்லு, நடுவுல வெறும் மண்ணு, மேல சுண்ணாம்புப் பூச்சு. மேக்க காலி மனை, மறைப்பு ஒண்ணும் கிடையாது. ஆனியில சாரல் தொடங்கினா, மேகாத்து அடிக்கிற அடி அம்புட்டும் இந்தச் சுவத்துலதான். ஐப்பசி வந்தா கேக்கவே வேண்டாம். இங்கன உக்காந்து சாப்பிட்டா சோத்துல சுண்ணாம்பு உதிரும். என் கூறைப்பட்டைப் பெட்டியில வச்சி இந்தச் சுவத்தோரம் வச்சிருந்தேன். மூணாம் வருசம் தொறந்து பாக்கேன், மடிப்பு மடிப்பா கறுப்பு. கையில எடுத்தா எடுத்த இடத்துல கிழியுது. அன்னைக்கு அழுத அழுகை, எங்கம்மா செத்தப்ப கூட அப்படி அழல நான்.

சுவத்தைச் சரி பண்ணுங்க, சரி பண்ணுங்கன்னு நாப்பது வருசம் சொன்னேன். 'பாப்போம்'பாக. சட்டையைப் போட்டுக்கிட்டு மில்லுக்குப் போயிருவாக. அம்புட்டுத்தான்.

ரிட்டயர் ஆன பொறவுதான் கண்ணு தொறந்துச்சு. மொதல்ல மாடக்கண்ணு கொத்தனாரைத்தான் கூப்பிட்டாக. அவன் வந்தான், ரெண்டு தட்டுத் தட்டினான், சுவத்துல காதை வச்சிக் கேட்டான், என்னமோ பெரிய டாக்டரு மாதிரி. 'சார், இது சுண்ணாம்புச் சுவரு. மழையில குடிச்ச தண்ணியை வெயில்ல அதுவே வெளிய விட்டுரும். சிமெண்டைப் பூசி அடைச்சிராதீய. தண்ணி எறங்குறது மேல இருந்து. கைப்பிடிச் சுவத்து உச்சியில வெடிப்பு ஓடுது, மொதல்ல அதைச் சரி பண்ணணும். பொறவு சுண்ணாம்பு அரைச்சி, பைய மூணு மாசம் பண்ணணும்'னான். மூணு மாசமாம்! இவுகளுக்கு வந்துச்சே ஒரு கோவம். 'இவன் என் வீட்டுல பாய் விரிச்சிப் படுக்கப் பாக்கான்'னு அவன் முகத்துக்கு நேராவே சொன்னாக. அவன் துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டுப் போயிட்டான். அன்னைக்கே இவுக செல்போன்ல வீடியோ பாக்க ஆரம்பிச்சாச்சு. வெளிநாட்டுல எவனோ புருசனும் பெஞ்சாதியும் அவங்க வீட்டுக்கு அவங்களே பூசுதாங்க, சிரிச்சிக்கிட்டே பூசுதாங்க. 'பாரு வடிவு, அவங்களுக்கு என்ன நாலு கையா இருக்கு?'ன்னாக.

ஆவணியில ஆரம்பிச்சோம். இவுகளுக்கு ஏணியில நாலு படி ஏறினா தலை சுத்தும். அதனால நான் மேல, இவுக கீழ. ஒரு கையில ஏணி, ஒரு கையில செல்போனு. 'ஏளா, இடது பக்கம் ஒரு சாண் விட்டுட்டே! ஏளா, அழுத்தித் தேயி, தோசைக்கா எண்ணெய் தடவுதே?'ன்னு ஒரே சத்தம். 'ரொம்பப் பேசினீயன்னா சாந்தை உச்சந்தலையில போட்டுருவேன் பாத்துக்கிடுங்க'ம்பேன் நான். தெருவே வந்து நிக்கும். அம்பத்தொம்பது வயசுக்காரி சேலையைத் தூக்கிச் செருகிக்கிட்டு ஏணியில நின்னா வேடிக்கை பாக்க மாட்டாங்களா? எனக்கு வெக்கமே வரலம்மா. சந்தோசமா இருந்துச்சு. நாப்பத்தோரு வருசத்துல நாங்க ரெண்டு பேரும் சேந்து செஞ்ச வேலை அது ஒண்ணுதான்.

பழைய சுண்ணாம்பைக் கொத்தி எடுத்துட்டு சிமெண்டுப் பூச்சு. அது காஞ்சதும் தண்ணி விடாத பெயிண்டு, ரெண்டு கோட்டு. ரப்பர் மாதிரி இருக்கும், கையில ஒட்டினா நாலு நாளைக்குப் போகாது. சுவத்தடியில அந்தக் காலத்து ஆளுக சின்னச் சின்ன ஓட்டையா விட்டிருந்தாக, என்னத்துக்கோ. அது வழியாப் பூரான் வரும். ஒண்ணு விடாம நானே அடைச்சேன். முடிச்ச அன்னைக்கு இவுக என் பெட்டியைத் தூக்கிட்டு வந்து இந்தச் சுவத்தோரம் வச்சாக. பழைய இடத்துலயே. 'இனிமே உன் பட்டுச்சேலைக்கு ஒண்ணும் ஆகாது ளா'ன்னாக. கல்யாணத்துல கட்டின தாலிக்குப் பொறவு இந்த மனுசன் எனக்குன்னு செஞ்சது இந்தச் சுவருதாம்மா.

எவ்வளவு காட்டுது? நூத்தி எண்பதா? நான்தான் சொன்னேன்லா.

மேல தட்டட்டி வேலை, அதான் மொட்டைமாடி வேலை, அது மட்டும் அவுகளே செஞ்சாக. படிக்கட்டுல ஏறினா தலை சுத்தாதாம். என்னைய மேல விடல, 'மேல்வேலை நான் பாத்துக்கிடுதேன், நீ சமையலைப் பாரு'ன்னுட்டாக. கைப்பிடிச் சுவத்து உச்சியில கெடந்த பழைய பூச்சை ரெண்டு நாளா உளியை வச்சித் தட்டி எடுத்தாக. கீழ இருந்து பாத்தா செங்கல்லு பல்லைக் காட்டிக்கிட்டு நின்னுச்சு. மூணாம் நாளு, புரட்டாசி மொத வாரம், சாந்து கொழைச்சி வச்சிட்டுச் சாப்பிட வந்தாக. 'சீக்கிரம் போடு வடிவு, சாந்து இறுகிரும்'னாக. புளிக்குழம்பு, அவரைக்காய்க் கூட்டு. மொத வாய் எடுத்தாக. கை வாய்க்குப் போகல. பாதியில நிக்கு. சோறு மடியில கொட்டுது, கண்ணு என்னையவே பாக்கு. 'என்ன வெளையாட்டு இது?'ன்னு கேட்டேம்மா. வெளையாட்டுன்னு நெனைச்சேன்.

ஆஸ்பத்திரியில பதினெட்டு நாளு. வீட்டுக்குக் கூட்டிட்டு வந்த மறுநாளு தட்டட்டிக்கு ஏறிப் பாத்தா, சட்டிக்குள்ள சாந்து கல்லாக் கெடக்கு, கரண்டியையும் முழுங்கிட்டு. சட்டியைக் கவுத்தித் தட்டினேன், முழுசா வந்து விழுந்துச்சு. தூரப் போட மனசு வரல. அவுக கையால கடைசியாக் கொழைச்சதுல்லா. அதுதான் இப்ப கதவுக்கு முட்டு. பாருங்க, கரண்டிப் பிடி இன்னும் நீட்டிக்கிட்டு இருக்கு.

அங்கன ஒரு நீலத் தார்ப்பாயும் கெடந்துச்சு. கைப்பிடிச் சுவத்து உச்சியில நெடுக விரிச்சி, செங்கல்லைத் தூக்கி வச்சிருந்தாக, என்னத்துக்கோ. நல்ல கனமான தார்ப்பாய். கீழ முற்றத்துல மிச்சம் நாலு மூடை சிமெண்டு தொறந்த வாக்குல கெடக்கு, ஐப்பசி பொறக்கப் போகுது. சிமெண்டு நனைஞ்சி வீணாப் போச்சுன்னா, இவுக எந்திரிச்சி வந்து என்னைக் கொன்னுருவாகல்லா? அதனால தார்ப்பாயை உருவிட்டு வந்து சிமெண்டை மூடினேன். ஒரு மூடை கூட நனையல. நீங்க வரும்போது பாத்திருப்பீயளே, முற்றத்துல நீலமா. இவுககிட்டயும் வந்து சொன்னேன். 'மேல கெடந்த தார்ப்பாயை எடுத்து சிமெண்டை மூடிட்டேன், நீங்க கவலைப்படாம கெடங்க'ன்னேன். அன்னையிலேர்ந்துதான் இந்தக் கை காட்டுறது. அப்ப புடிச்சது, ஒரு மாசமாச்சு, எறக்கல.

கட்டிலை இங்கன போட்டது நான்தான். வீட்டுலயே காஞ்ச எடம் இதுதான, வேற எங்க போட? மொதல்ல எனக்கு ஒண்ணும் வெளங்கல. சுவத்தைக் காட்டுவாக, பொறவு மேல மச்சைக் காட்டுவாக, பொறவு அந்த சிமெண்டுக் கட்டியைக் காட்டுவாக. மறுபடியும் சுவரு. யோசிச்சி யோசிச்சிப் பாத்தேன். ஓஹோ, மிச்சப் பெயிண்டு இருக்கே, உள்பக்கமும் ஒரு கோட்டு அடிக்கச் சொல்லுதாகன்னு புரிஞ்சிது. அடிச்சேன். நான் அடிக்கும்போது 'ங்... ங்...'னு சத்தம் போட்டாக, தலையை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆட்டினாக. விட்ட எடத்தைச் சொல்லுதாகன்னு இன்னும் அழுத்தி அடிச்சேன். முன்ன ஏணிக்கு அடியில நின்னு சத்தம் போட்டதும் அப்படித்தான. அதுவும் பத்தல. மறுபடியும் கையை நீட்டுதாக. ரெண்டாவது கோட்டு. மூணாவது. நீங்க தொட்டுக்கிட்டு இருக்கீயளே, அது நாலாவது கோட்டு. முந்தாநாள்தான் முடிச்சேன்.

அந்தக் கொப்புளமா? அது ஒண்ணுமில்ல. பெயிண்டு அங்கங்க உப்புது. ஊசியால குத்திவிட்டா தண்ணி பீச்சுது, செம்மண்ணு கலர்ல. துடைச்சிட்டு மேல அடிச்சிருவேன். நேத்து ஒண்ணு குத்தினேன், அரைச் சொம்புக்கு வந்துச்சு.

காலண்டரையா பாக்கீய? ஆமா, அடி சுவத்துல ஒட்டாம நாலு விரக்கடை தள்ளித் தொங்குது. ஆவணியில ஒட்டித்தான் கெடந்துச்சு. ஆணி வளைஞ்சிருக்கும். சன்னலும் பத்து நாளாப் பூட்ட மாட்டேங்குது. மழைக்கு மரம் ஊதுதுல்லா.

அது எலிம்மா. பயப்படாதீய. சுவத்துக்குள்ள எலி பூந்திருக்கு. சரசரன்னு, யாரோ சொளவுல அரிசி புடைக்கிற மாதிரி. மழை வலுத்தா அதுகளுக்குக் கொண்டாட்டம். பொறி வச்சிருக்கேன், ஒண்ணுகூட விழல, சவம்.

போன வெள்ளிக்கிழமை மாடக்கண்ணு வந்தான். கேளுங்க இந்தக் கூத்தை. இவுகளுக்கு மேலுக்குச் சரியில்லன்னு கேள்விப்பட்டு வந்தேன்னான். சரி, வந்தவன் இவுகளை ஒரு பார்வை பாத்துட்டு, நேரா மேக்க காலி மனைக்குப் போயிட்டான், அந்த மழையில. நின்னு சுவத்தை அண்ணாந்து பாத்துக்கிட்டே இருந்தான். சொட்டச் சொட்டத் திரும்பி வந்து, 'அக்கா, கட்டிலை முன்ரூமுக்கு மாத்திருவோம். இப்பவே. நான் ஒரு பக்கம் பிடிக்கேன்'னான். மேல ஏறிப் பாக்கணும்னான். எனக்கு எங்கிருந்துதான் அம்புட்டு ஆத்திரம் வந்துச்சோ! 'எங்க வீட்டு மனுசன் கை கால் விழுந்து கெடக்காக, நீ அவுக வேலைக்குக் குத்தம் கண்டுபிடிக்க வந்தியா? உன்னைய வச்சிச் செய்யலன்னு உனக்கு வயித்தெரிச்சல், எறங்குடா வாசலை விட்டு'ன்னுட்டேன். டா போட்டே பேசிட்டேன், அவனுக்கு என் தம்பி வயசு இருக்கும். அவன் இவுக காலைத் தொட்டுட்டுப் போனான். அவன் வாசல் தாண்டினதும் இவுக அழுதாக பாருங்க, ஏங்கி ஏங்கி அழுதாக. அவன் பேச்சு இவுகளை எம்புட்டு நோகடிச்சிருக்கும்! 'அழாதீய, உங்க சுவத்தை ஒரு பய குறை சொல்ல விடமாட்டேன்'னு கண்ணைத் துடைச்சிவிட்டேன். எவனாவது இந்தச் சுவத்தைக் குறை சொன்னா எனக்குத் தாங்காதும்மா. இவுக எனக்குக் குடுத்தது, இவுக இனிமே ஒண்ணு குடுக்கப்போறதில்ல.

காபி போடட்டா? வேண்டாமா? அப்ப ஒரு உதவி செய்யுங்க. நானே கேக்கணும்னு இருந்தேன். கட்டிலுக்கும் சுவத்துக்கும் நடுவுல ரெண்டடி எடம் விட்டிருக்கேன்லா, துடைச்சிவிடத் தோதா இருக்கட்டும்னு. அதனால இவுக கை சுவத்துக்கு எட்டல. தொட்டுப் பாக்கணும்னு ஆசைப்படுதாக போல, பாவம். கட்டிலைச் சுவத்தோட ஒட்டித் தள்ளிட்டா நல்லாத் தொட்டுக்கிட்டே படுத்திருப்பாக. ஒத்தையில எனக்குத் தள்ள முடியல. ஒரு கை பிடிங்க.

ஏம்மா அங்கன போறீய? சுவத்துல என்னத்துக்குக் காதை வைக்கீய, மாடக்கண்ணு மாதிரி? என்ன, முகமே செத்துப்போச்சு?

தார்ப்பாயா? அதான் சொன்னேன்லா, ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த மறுநாளு எடுத்தேன். மேலயா? உச்சியில பூசினாகளான்னு கேக்கீயளா? இல்ல, எங்க பூச? சாந்துதான் சட்டியிலயே இறுகிட்டே. அப்படியேதான் கெடக்கு. யாரும் பூசல. நான் அதுக்குப் பொறவு மேல ஏறவே இல்ல. தொறந்துதான் கெடக்கு. ஒரு மாசமா. தொறந்துதான்...

சரி, பிடிச்சிட்டீயளா, இந்தா நானும் பிடிக்கேன். ஒண்ணு, ரெண்டு... ஏம்மா, சுவரு அந்தப் பக்கம்லா இருக்கு. நீங்க எதுக்கு வாசப் பக்கம் இழுக்கீய? எதுக்குன்னு சொல்லிட்டு இழுங்களேன்!

இருங்க. இருங்க, இவுக கையைப் பாருங்க.

எறக்கிட்டாக.

ஏங்க? ஏங்க, இதையா சொன்னீய? ஒரு மாசமா இதையாங்க சொல்லிக்கிட்டு இருந்தீய? ஐயோ, நான் கூறுகெட்ட மூதி, நீங்க கத்தக் கத்தப் பெயிண்டுல்லா அடிச்சிக்கிட்டு இருந்தேன். வந்து தூக்குதேன்னு சொன்ன மனுசனை வாசல்லேர்ந்து வெரட்டினேனே. தலையாட்டுதீயளே. அழாதீய, இந்தா இழுக்கேன், நாங்க இழுக்கோம்.

இழு தாயி. பெட்டி கெடக்கட்டும், பட்டுச்சேலையும் வேண்டாம் ஒரு மண்ணும் வேண்டாம். கட்டிலு அந்த சிமெண்டுக் கட்டியில மாட்டுது பாரு, அதைக் காலால ஒரு எத்து எத்தி விடு, நான் கதவைப் பிடிச்சிக்கிடுதேன். சத்தம் கேக்கா உனக்கு? எலி இல்ல அது. நான் எலின்னு சொன்னேன்லா, எலி இல்ல, உள்ள மண்ணு கரைஞ்சி எறங்குது. இழு தாயி, நிக்காத, இழு.